பாடசாலைக் கணினிக்கூடத்துக்கு ஒரு லினக்ஸ் இமேஜ்: லைவ்-பில்ட் எப்படி வேலை செய்கிறது

தலவாக்கலையிலோ பசறையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் கணினிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். 20 கணினிகள். சில நன்கொடையாக வந்தவை, சில வேறிடத்தில் பாவித்துக் கழித்தவை. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பெரும்பாலானவற்றில் 4 ஜிபி ராம், சிலவற்றில் 2 ஜிபி. இவற்றில் லினக்ஸ் போட வழக்கமாகச் செய்வது என்ன? ஒவ்வொரு கணினியிலும் பென் டிரைவைச் செருகி நிறுவுவோம். பிறகு இணையத்தோடு இணைத்து அப்டேட் செய்வோம். அதன் பின் தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, லிப்ரே ஆபிஸ், பாஸ்கல், பைத்தன் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவோம். ஒரு கணினிக்கு 1 ஜிபி இறங்கினால்கூட 20 கணினிகளுக்கு 20 ஜிபி டேட்டா போய்விடும். ஏழாவது கணினியில் எழுத்துரு விடுபட்டிருக்கும், பன்னிரண்டாவதில் நேர வலயம் பிழையாக இருக்கும். அடுத்த தவணையில் இன்னொரு மென்பொருள் தேவைப்பட்டால் மறுபடியும் முதலாவது கணினியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வேலை முழுவதையும் ஒரே இடத்தில், ஒரே தடவையில், ஒரு கருவியிடம் ஒப்படைக்க முடியும். என்னென்ன வேண்டும் என்று சில சிறிய கோப்புகளில் எழுதி வைத்தால், கருவி அதைப் படித்து, இணையத்திலிருந்து மென்பொருள் பொதிகளை எடுத்து, பென் டிரைவில் எழுதத்தக்க ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அந்தக் கோப்புதான் சிஸ்டம் இமேஜ். டெபியன் லினக்ஸில் இதற்கென்றே இருக்கும் கருவியின் பெயர் லைவ்-பில்ட். கீழே சொல்வதெல்லாம் டெபியன் 13 பதிப்பை மனதில் வைத்துத்தான். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் பெயர் ட்ரிக்ஸி. கட்டளைகளின் எழுத்துக்கூட்டலும் தெரிவுகளும் கருவியோடு வரும் மேன் பக்கங்களில், அதாவது கையேட்டுப் பக்கங்களில், வரிக்கு வரி உள்ளன. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதை இங்கே பார்ப்போம்.

இமேஜுக்குள் என்ன இருக்கிறது

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேரே ஓடும் இமேஜுக்கு லைவ் இமேஜ் என்று பெயர். அதைத் திறந்து பார்த்தால் முக்கியமாக நான்கு பொருட்கள் இருக்கும். முதலாவது பூட்லோடர். கணினியை இயக்கியதும் மதர்போர்டில் உள்ள பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ நிரல் இதைத்தான் தேடிப் பிடிக்கும். இரண்டாவது முறைமையின் மையப்பகுதியான லினக்ஸ் கேர்னல். மூன்றாவது இனிட்ரம்எஃப்எஸ் எனப்படும் சிறிய தொகுப்பு. கேர்னல் எழுந்தவுடன் ராமில் ஏறி, உண்மையான முறைமை எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை. நான்காவது ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு. முழுப் பணிசெயல் முறைமையும், அதாவது எல்லா மென்பொருள்களும் எழுத்துருக்களும் அமைப்புக் கோப்புகளும், இதற்குள் இறுக்கமாகச் சுருக்கப்பட்டிருக்கும். இமேஜின் எடையில் பெரும்பங்கு இதுதான்.

ஸ்குவாஷ்எஃப்எஸ் வாசிக்க மட்டும் ஆனது. அதில் எதையும் எழுத முடியாது. ஆனால் ஓடும் முறைமைக்கு எழுத இடம் வேண்டுமே. அதற்காக அதன் மேல் ராமில் ஒரு படலம் விரிக்கப்படுகிறது. அதற்கு ஓவர்லே என்று பெயர். மாணவர் ஒரு கோப்பைச் சேமித்தாலோ மேசைப் படத்தை மாற்றினாலோ அது ராமில் உள்ள மேற்படலத்தில்தான் பதிகிறது. கணினியை நிறுத்தினால் அது மறைந்து, அடுத்த முறை இயக்கும்போது முறைமை கட்டப்பட்ட நிலையிலேயே எழும்புகிறது.

மலையகத்துக் கணினிக்கூடத்துக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்துகிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவ மழையில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், பருவங்களுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர இடிமின்னலுக்கு மின்சாரம் வெட்டுவதும் எல்லோருக்கும் தெரியும். ஹார்ட் டிஸ்கில் நிறுவிய முறைமை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை பழுதாகலாம். அடுத்த நாள் கணினி எழும்பாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் யாரும் எதையும் எழுதுவதில்லை. ஆகவே திடீரென்று நின்றாலும் அது கெடாது. அந்த நேரத்தில் ராமின் மேற்படலத்தில் இருந்த வேலை மட்டும்தான் போகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மேற்படலம் ராமில் இருப்பதால், பெரிய வீடியோ ஒன்றை இறக்கினால் ராம் நிறைந்து கணினி திணறும். வழமையாக மேற்படலத்துக்கு ராமின் பாதி வரைதான் கிடைக்கும். 2 ஜிபி கணினியில் அது 1 ஜிபிதான். இப்படிப்பட்ட கணினிகள் இருந்தால் பொதிப் பட்டியலில் இசட்ராம்-டூல்ஸ் சேர்ப்பது நல்லது. ராமின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தி அது கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

ஒரு கணினியை அப்படியே நகலெடுத்தால் என்ன?

பலர் செய்வது இதைத்தான். ஒரு கணினியை நன்றாக அமைத்துவிட்டு அதன் டிஸ்கை அப்படியே மற்ற 19 கணினிகளுக்கும் பிரதி செய்வார்கள். சில இடங்களில் இது போதும். ஆனால் அதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன.

ஒன்று, தனித்தன்மையாக இருக்க வேண்டியவையும் பிரதியாகிவிடும். ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் மெஷின்-ஐடி என்ற ஓர் எண் உண்டு. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை இருந்தால் அதற்கென்று தனிச் சாவிகளும் உண்டு. 20 கணினிகளிலும் ஒரே மெஷின்-ஐடி இருந்தால், லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் வலையமைப்புச் சேவை அந்த எண்ணிலிருந்தே தன் அடையாளத்தை உண்டாக்கி ரௌட்டரிடம் காட்டும். ரௌட்டர் எல்லாவற்றையும் ஒரே கணினி என்று நினைத்து ஒரே ஐபி முகவரியைக் கொடுத்துவிடும். ஒரு கணினியில் இணையம் வந்தால் மற்றதில் அறுந்துபோகும். காரணம் புரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்போம்.

மற்றது இதைவிடப் பெரியது. அந்த முதற் கணினிக்குள் என்ன செய்தோம் என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. ஆறு மாதம் கழித்து அதை அமைத்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், அதே போன்ற ஒன்றை இன்னொருவர் செய்ய வழியே இல்லை. கருவி கொண்டு கட்டும் முறையில் பாதுகாக்க வேண்டியது 3 ஜிபி இமேஜ் கோப்பு இல்லை, என்னென்ன வேண்டும் என்று எழுதிய, சில கிலோபைட் எடையுள்ள செய்குறிப்பு. இமேஜ் தொலைந்தால் மறுபடி கட்டலாம். ஆகவே ஒரு விதி: கட்டி முடித்த இமேஜில் கை வைக்கக் கூடாது. பிழை எங்கே தெரிந்தாலும் செய்குறிப்பைத் திருத்தி மறுபடி கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு முன்

கட்டும் கணினியில் டெபியன் ஓட வேண்டும். நேரடியாகவோ மெய்நிகர் கணினிக்குள்ளோ ஓடலாம். ரூட் அதிகாரம், அதாவது நிர்வாகியின் முழு அதிகாரம், தேவை. டிஸ்கில் 25 முதல் 30 ஜிபி வெற்றிடம் வைத்துக்கொள்ளுங்கள். இமேஜ் சிறியதாக இருந்தாலும், சுருக்காத முழு முறைமையும் இறக்கிய பொதிகளும் பக்கத்திலேயே இருக்கும்.

இடம் போதாதென்று விண்டோஸ் பகுதியிலோ வெளி டிஸ்கிலோ வேலைக் கோப்புறையை வைப்பது புதியவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபாட் போன்றவற்றில் லினக்ஸின் கோப்பு உரிமைகளையும் சாதனக் கோப்புகளையும் சரியாக வைக்க முடியாது. டெஸ்க்டொப் தானாக மவுண்ட் செய்யும், அதாவது இணைத்துத் திறக்கும், வெளிச் சாதனங்களில் சாதனக் கோப்புகளை ஏற்காத நோடெவ் என்ற தடையும் சேர்ந்திருக்கும். நிரல் ஓட்ட விடாத நோஎக்ஸெக் அல்லது நோடெவ் முறையில் மவுண்ட் செய்த இடத்தில் நிறுவ முடியாது என்று சொல்லிக் கருவி முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்4 பகுதி ஒன்றில் வேலை செய்யுங்கள்.

கணினியின் திகதியையும் ஒருமுறை பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டு பற்றரி செத்துப்போய்த் திகதி பல வருடங்கள் பின்னால் நிற்கும். டெபியனின் பொதிக் களஞ்சியம் தன் பட்டியலில் ஒரு திகதியைக் கையொப்பத்தோடு வைத்திருக்கிறது. நம் கணினி அதைவிடப் பின்தங்கியிருந்தால், இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று, பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவி மறுத்துவிடும். இணையமும் இருக்கும், முகவரியும் சரியாக இருக்கும், ஒன்றும் இறங்காது.

டேட்டா விடயம். முதல் தடவை கட்டும்போது ஒரு ஜிபிக்கு மேல் இறங்கும், பட்டியல் நீண்டால் இன்னும் கூடும். லைவ்-பில்ட் இறக்கிய பொதிகளைத் தன் கேச் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேலாக ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு சேவையையும் நிறுவிவிட்டால், ஒரு முறை இறங்கிய பொதி உள்ளூரிலேயே தங்கும். அது 3142ஆம் போர்ட்டில் ஓடும். லைவ்-பில்ட்டிடம் ஆப்ட் ப்ராக்ஸியாக அந்த முகவரியைக் கொடுத்தால் போதும், களஞ்சியத்தின் முகவரியை மாற்ற வேண்டாம். களஞ்சிய முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் இடையில் நிற்கும் இச்சேவையால் சேமிக்க முடியாது. எச்டிடிபி முகவரியே கொடுங்கள். பொதிகள் கையொப்பத்தால் சரிபார்க்கப்படுவதால், வழியில் யாராவது மாற்றினால் ஆப்ட் அதை ஏற்காது.

செய்குறிப்புக் கோப்புறை

ஒரு வெற்றுக் கோப்புறைக்குள் போய் எல்பி கன்ஃபிக் கட்டளையை ஓட்டினால் கன்ஃபிக் என்ற கோப்புறை உருவாகும். செய்குறிப்பு முழுவதும் இதற்குள்தான். எந்த டெபியன் பதிப்பு, எந்தச் செயலி வகை, களஞ்சியத்தின் எந்தப் பிரிவுகள், பூட் ஆகும்போது என்ன தெரிவுகள் என்பவற்றை இந்தக் கட்டளையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நீண்ட கட்டளையை ஒவ்வொரு முறையும் தட்டாமல், ஆட்டோ என்ற கோப்புறையில் கன்ஃபிக் என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வையுங்கள். எல்பி கன்ஃபிக் என்று தட்டினால் கருவி அதை எடுத்துக்கொள்ளும்.

செயலி வகையாகப் பெரும்பாலும் ஏஎம்டி64 போதும். கோர் 2 டுவோ போன்ற பழைய செயலிகளும் 64 பிட்தான். அதற்கும் முந்திய 32 பிட் கணினிகளுக்கு டெபியன் 13இல் கேர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அவற்றுக்கு டெபியன் 12தான் கடைசி. எல்எஸ்சிபியூ கட்டளை ஓரிரு நொடியில் எது என்று காட்டிவிடும்.

களஞ்சியப் பிரிவுகளில் மெயின் மட்டும் கொடுத்தால் வைஃபை வேலை செய்யாத கணினிகள் வரும். வைஃபை அட்டைகள் பலவற்றுக்குள் ஏறி ஓடத் தேவையான ஃபர்ம்வெயார் கோப்புகள், டெபியன் 12இலிருந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வெயார் என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. அதைச் சேர்த்துவிட்டால் ஃபர்ம்வெயார் பொதிகளைக் கருவி தானாகவே எடுத்துப் போடும்.

கன்ஃபிக்குக்குள் அடிக்கடி கை வைக்கும் இடங்கள் மூன்று: பொதிப் பட்டியல், சேர்க்கும் கோப்புகள், ஹூக்குகள்.

பொதிப் பட்டியல் வெறும் உரைக் கோப்பு. பேக்கேஜ்-லிஸ்ட்ஸ் கோப்புறைக்குள், பெயரின் முடிவில் லிஸ்ட் டொட் சிஎச்ரூட் என்று வர வேண்டும். லிஸ்ட் என்ற பகுதியே இல்லாவிட்டால் கருவி கோப்பைக் கண்டுகொள்ளாது, பிழை என்றும் சொல்லாது. வரிக்கு ஒரு பொதி எழுதி, விடயத்துக்கு ஒரு பட்டியலாகப் பிரித்து வைப்பது நல்லது. டெஸ்க்டொப்புக்கு ஒன்று: எக்ஸ்எஃப்சிஇ, அல்லது ராம் குறைந்த கணினிகளுக்கு எல்எக்ஸ்கியூடி. பாடத்துக்கு ஒன்று: சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்துக்கு எஃப்பிசி என்ற பாஸ்கல் தொகுப்பி, உயர்தரத்துக்கு பைத்தனும் தொன்னி என்ற எளிய நிரல் எழுதியும், இரண்டுக்கும் லிப்ரே ஆபிஸும் அதன் பேஸ் பகுதியும். சிறுவர்களுக்கு ஜீகொம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு. மொழிக்கு ஒன்று. இப்படிப் பிரித்தால் ஆரம்பப் பாடசாலைக்கு ஒரு இமேஜ், உயர்தர வகுப்புக்கு ஒரு இமேஜ் என்று பட்டியல்களைக் கூட்டிக் குறைத்துக் கட்டலாம்.

இமேஜின் எடையைக் குறைக்க, பரிந்துரைக்கப்பட்ட பொதிகளையும் சேர் என்று சொல்லும் ஆப்ட்-ரெக்கமெண்ட்ஸ் தெரிவை அணைப்பவர்கள் உண்டு. எடை நன்றாகக் குறையும். ஆனால் லைவ் பயனரை உருவாக்கும் யூசர்-செட்டப் பொதியும், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவும் பரிந்துரையாகத்தான் உள்ளே வருகின்றன. அவற்றைப் பட்டியலில் கையால் எழுதாவிட்டால், இமேஜ் பிழையில்லாமல் கட்டப்படும், பூட்டும் ஆகும், உள்ளே நுழையப் பயனர் இருக்க மாட்டார். இதைத் தெரியாமல் மாட்டினால் காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

தமிழ், விசைப்பலகை, பாமினி

டெபியனில் தமிழுக்கு இலங்கை வட்டார அமைப்பு தனியாகவே இருக்கிறது. பூட் தெரிவில் லோகேல்ஸ் என்பதற்கு டிஏ_எல்கே என்றும் நேர வலயத்துக்கு ஏஷியா/கொலம்போ என்றும் கொடுத்தால் முகப்பு தமிழில் எழும்பும். சில ஆசிரியர்கள் பரீட்சைக்காக ஆங்கில முகப்பையே விரும்புவார்கள். அவர்களுக்கு லோகேலை ஆங்கிலமாக விட்டு, தட்டச்சை மட்டும் தமிழாக்கலாம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள்.

விசைப்பலகையில் கவனம் வேண்டும். இலங்கை என்று நினைத்து எல்கே தளவமைப்பை மட்டும் கொடுத்தால் வருவது சிங்கள ஒலிப்பு முறை. தமிழ் வேண்டுமென்றால் அதே தளவமைப்புக்குள் டாம்_யூனிகோட் என்ற வகையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது வருவது தமிழ்99. இலங்கையில் பலரும் பழகியிருக்கும் ரெங்கநாதன் முறை வேண்டுமானால் ஐபஸ்-எம்17என் பொதியைப் பட்டியலில் எழுதுங்கள். அதன் தமிழ் முறைகளுக்குள் ரெங்கநாதனும் இருக்கிறது. ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைப்பதே நல்லது. தமிழை முதலில் வைத்தால் கடவுச்சொல் தட்டும் இடத்திலேயே சிக்கல் தொடங்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோவின் அடிப்படைத் தொகுப்பும் லோஹித் தமிழும் போதும். இரண்டாம் மொழிப் பாடம் இருப்பதால் எல்கேலக் சிங்கள எழுத்துருவையும் சேர்த்துவிடுங்கள். பழைய வினாத்தாள்களில் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். யூனிகோட் அல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். டெபியன் களஞ்சியத்தில் தேடி அலைய வேண்டாம். பயன்படுத்த உரிமை உள்ள எழுத்துருக் கோப்பை இன்க்ளூட்ஸ் டொட் சிஎச்ரூட் என்ற கோப்புறைக்குள், யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ் என்ற அதே பாதையை அமைத்து உள்ளே வையுங்கள். அந்தக் கோப்புறைக்குள் எந்தப் பாதையில் எதை வைத்தாலும், இமேஜுக்குள் அதே பாதையில் அது போய் உட்காரும்.

உலாவியின் முதற்பக்கம், மேசைப் படம் போன்ற பயனர் அமைப்புகளையும் இப்படியே வைக்கலாம். அவற்றை ஹோம் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். லைவ் பயனர் கட்டும்போது இல்லை, பூட் ஆகும்போதுதான் உருவாகிறார். உருவாகும்போது இடிசி-க்குள் இருக்கும் ஸ்கெல் கோப்புறையின் உள்ளடக்கம் அவருடைய வீட்டுக் கோப்புறைக்குப் பிரதியாகிறது. ஆகவே வைக்க வேண்டிய இடம் ஸ்கெல்.

ஹூக்: கருவிக்குள் நாம் எழுதும் கட்டளைகள்

கோப்பு வைப்பதாலும் பொதி சேர்ப்பதாலும் முடியாத வேலைகள் சில இருக்கும். ஒரு சேவையை முடக்க வேண்டும், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஹூக் எனப்படும் சிறு ஸ்கிரிப்ட். ஹூக்ஸ் கோப்புறைக்குள் நார்மல் என்ற பகுதியில், 0500 போன்ற ஓர் எண்ணில் தொடங்கி ஹூக் டொட் சிஎச்ரூட் என்று முடியும் பெயரில் வைக்க வேண்டும். எண்களின் வரிசையில் அவை ஓடும். எல்பி கன்ஃபிக் ஓடியதுமே அந்தக் கோப்புறையில் கருவி கொண்டு வந்த ஹூக்குகள் இருப்பதைக் காணலாம். 8000 வரிசையில் இருப்பவற்றில் ஒன்று மெஷின்-ஐடியை அழிக்கிறது, இன்னொன்று எஸ்எஸ்எச் சாவிகளை அழிக்கிறது. நகலெடுக்கும் முறையில் வந்த ஐபி மோதல் இங்கே வராததற்குக் காரணம் இவைதான்.

ஹூக் ஓடும் இடம் சிஎச்ரூட். கட்டும் கணினியின் டிஸ்கில் ஒரு கோப்புறைக்குள் புதிய டெபியன் முழுவதும் விரிந்து கிடக்கிறது. சிஎச்ரூட் என்பது, அந்தக் கோப்புறையையே முழு டிஸ்காக எண்ணும்படி ஒரு நிரலை ஏமாற்றி ஓட்டுவது. கோப்புகள் புதிய முறைமையுடையவை. கேர்னல் மட்டும் கட்டும் கணினியுடையது. இதை மனதில் வைத்தால் பல குழப்பங்கள் தீரும். உள்ளே சிஸ்டம்டி ஓடவில்லை, ஆகவே ஒரு சேவையை இப்போது தொடங்கு என்று சொன்னால் நடக்காது. பூட் ஆகும்போது தொடங்கு, தொடங்காதே என்று சொல்லலாம். அது வெறும் கோப்பு இணைப்புத்தான். கேர்னலின் பதிப்பைக் கேட்டால் கட்டும் கணினியின் பதிப்பையே சொல்லும். அதை நம்பி ஹூக் எழுதினால் இமேஜுக்குள் பிழையான பதிப்பு பதிந்துவிடும்.

ஒவ்வொரு ஹூக்கின் முதல் வரியிலும் ஷெல்லை அறிவித்துவிட்டு, அடுத்ததாக செட் மைனஸ் ஈ என்று எழுதுங்கள். நடுவில் ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும், கட்டுதலும் நிற்கும். இல்லாவிட்டால் பிழை ஓசையில்லாமல் கடந்து போய், வகுப்பறையில்தான் தெரியவரும்.

கட்டும்போது நடப்பது

எல்பி பில்ட் கட்டளையை ரூட்டாக ஓட்டினால் வேலை மூன்று கட்டமாக நடக்கும். பூட்ஸ்ட்ராப் கட்டத்தில் டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவி, ஆப்ட் ஓடத் தேவையான அடிப்படைப் பொதிகளை மட்டும் இறக்கி விரிக்கும். சிஎச்ரூட் கட்டத்தில் நம் பட்டியலில் உள்ளவை நிறுவப்படும், கோப்புகள் பிரதியாகும், ஹூக்குகள் ஓடும். பைனரி கட்டத்தில் எல்லாம் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸாகச் சுருங்கி, பூட்லோடரோடு சேர்ந்து ஹைப்ரிட் ஐஎஸ்ஓ கோப்பாகும். ஹைப்ரிட் என்பதால் அதே கோப்பு டிவிடியிலும் எழும், பென் டிரைவிலும் எழும்.

சுருக்கும் முறையைத் தெரிவு செய்யலாம். எக்ஸ்இசட் மிகச் சிறிதாக்கும், ஆனால் விரிக்கும்போது செயலிக்கு வேலை அதிகம். பழைய செயலிகள் உள்ள கூடத்துக்கு இசட்ஸ்டாண்டர்ட் நல்லது. இமேஜ் கொஞ்சம் பெருக்கும், மென்பொருள்கள் திறக்கும் வேகம் கூடும். 8 ஜிபி பென் டிரைவில் எப்படியும் அடங்கிவிடும்.

வெளியீடு முழுவதையும் ஒரு லாக் கோப்பில் சேமியுங்கள். தோற்றால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. அது பெரும்பாலும் தோற்றது என்று மட்டும்தான் சொல்லும். கீழிருந்து மேலே போய், ஈ என்ற எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் முதல் வரியைத் தேடுங்கள். பொதி கிடைக்கவில்லை என்றிருந்தால் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது அந்தப் பொதி நீங்கள் சேர்க்காத பிரிவில் இருக்கிறது. இடம் இல்லை என்றிருந்தால் டிஸ்க் நிறைந்துவிட்டது. பொதி ஒன்றை இறக்க முடியவில்லை என்றிருந்தால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது, கேச் இருப்பதால் மறுபடி ஓட்டினால் மீதிதான் இறங்கும்.

செய்குறிப்பைத் திருத்திவிட்டு எல்பி பில்ட்டை மறுபடி ஓட்டினால் திருத்தம் எதுவும் இமேஜில் தெரியாது. இது எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும் குழப்பம். முடிந்த ஒவ்வொரு படிக்கும் கருவி ஓர் அடையாளக் கோப்பை வைத்துக்கொள்கிறது. அடையாளம் இருந்தால் அந்தப் படியைத் தாண்டிப் போகும். ஆகவே திருத்தியபின் முதலில் எல்பி கிளீன், பிறகு எல்பி பில்ட். கிளீன் சிஎச்ரூட்டையும் பழைய இமேஜையும் அகற்றும், இறக்கிய பொதிகளை விட்டுவைக்கும். பர்ஜ் என்று சேர்த்துச் சொன்னால் கேச்சும் போய்விடும். டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர்கள் அதை யோசித்துச் செய்ய வேண்டும்.

சோதிப்பதும் எழுதுவதும்

பென் டிரைவுக்குப் போகும் முன் கியூஎமு மெய்நிகர் கணினியில் 2 ஜிபி ராம் கொடுத்து இமேஜை எழுப்பிப் பாருங்கள். கூடத்தில் உள்ள மிகச் சிறிய கணினியின் அளவு அதுதான். பயோஸ் முறையில் ஒருமுறை, யூஇஎஃப்ஐ முறையில் ஒருமுறை. தமிழ் தட்டச்சாகிறதா, பாஸ்கல் நிரல் ஓடுகிறதா, வினாத்தாள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பின் கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு மாதிரிக் கணினியிலும் ஒன்றில் சோதியுங்கள். வைஃபை, ஒலி, திரை அளவு மூன்றையும் மெய்நிகர் கணினி காட்டிக் கொடுக்காது.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவுக்குள் சாதாரணமாகக் கொப்பி செய்தால் அது எழும்பாது. டிடி கட்டளையால் முழுச் சாதனத்தின் மீதும் எழுத வேண்டும். எந்தச் சாதனம் என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளையால் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினால் டிடி கேள்வி கேட்காமல் கட்டும் கணினியின் டிஸ்கையே அழித்துவிடும். மலிவாக வாங்கிய பென் டிரைவுகளில் 32 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதைவிடக் குறைவாக இருப்பவையும் உண்டு. எஃப்3 பொதியில் உள்ள கருவி உண்மைக் கொள்ளளவைக் காட்டும். இன்னொரு பாடசாலைக்குக் கொடுத்தனுப்பும்போது ஷா256 சரிபார்ப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கொப்பியாகும்போது கெட்டுப்போன கோப்பைப் பொகவந்தலாவையில் திறந்து பார்த்துத் தவிப்பதை அது தவிர்க்கும்.

லைவ் பயனரின் பெயர் யூசர், கடவுச்சொல் லைவ். இது எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு சூடோ அதிகாரமும் உண்டு. கணினியின் டிஸ்கில் விண்டோஸோ பாடசாலைக் கோப்புகளோ இருந்தால், ஒரு மாணவர் தெரியாமல் அவற்றை அழிக்க முடியும். பூட் தெரிவில் நோரூட் என்று சேர்த்துவிட்டால் அந்த அதிகாரம் போய்விடும்.

மாணவர் தம் வேலையை வைத்துக்கொள்ள இடம் வேண்டுமானால், பென் டிரைவின் மீதி இடத்தில் எக்ஸ்ட்4 பகுதி ஒன்று உருவாக்கி அதற்கு பெர்சிஸ்டன்ஸ் என்று பெயரிடுங்கள். உள்ளே பெர்சிஸ்டன்ஸ் டொட் கொன்ஃப் என்ற கோப்பில் ஹோம் பாதையை மட்டும் ஒரு வரியாக எழுதுங்கள். பூட் தெரிவிலும் பெர்சிஸ்டன்ஸ் என்று இருக்க வேண்டும். முழு முறைமையையும் நிலைநிறுத்தவும் முடியும், ஆனால் அப்படிச் செய்தால் மின்வெட்டுக்குத் தாங்கும் தன்மை போய்விடும். ஹோமை மட்டும் வைப்பதே புத்தி.

தவணைக்கு ஒரு தடவை

கன்ஃபிக், ஆட்டோ இரண்டு கோப்புறைகளையும் திருத்த வரலாற்றைப் பதியும் கிட் களஞ்சியமாக வைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். இமேஜுக்குள்ளும் கட்டிய திகதியையும் திருத்த எண்ணையும் ஒரு சிறு கோப்பில் பதிய ஒரு ஹூக் போதும். எந்தப் பென் டிரைவில் எது இருக்கிறது என்ற கேள்வி அதோடு தீரும்.

லைவ் இமேஜ் தானாக அப்டேட் ஆகாது. உலாவியின் பாதுகாப்புத் திருத்தங்கள் புதிதாகக் கட்டினால்தான் உள்ளே வரும். ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் அதே செய்குறிப்பை மறுபடி ஓட்டுவது நல்ல பழக்கம். பொதிகள் புதியனவாக இருக்கும் என்பதால் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய இமேஜை உடனே அழிக்காமல் ஒரு தவணை வைத்திருங்கள்.

வேறு கருவிகளும் உண்டு. ராஸ்பெரி பை அட்டைகளுக்கு பை-ஜென், ரௌட்டர் போன்ற சிறு சாதனங்களுக்கு பில்ட்ரூட், தொழிற்சாலை அளவிலான பொருள்களுக்கு யொக்டோ, சேர்வர்களுக்கான இமேஜுக்கு எம்கேஓஎஸ்ஐ. கோப்புறைப் பெயர்கள் மாறும். செய்குறிப்பு, தனிக் கோப்புறைக்குள் கட்டுதல், சுருக்கி இமேஜாக்குதல் என்ற ஒழுங்கு இவை பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

கூடத்தில் கேபிள் வலையமைப்பு இருந்தால் பென் டிரைவே இல்லாமலும் செய்யலாம். லைவ்-பில்ட்டிடம் ஐஎஸ்ஓவுக்குப் பதில் நெட்பூட் வகை இமேஜைக் கேட்டால், ஆசிரியரின் கணினியிலிருந்து 20 கணினிகளும் வலையமைப்பு வழியே எழும்பும்படி அமைக்க முடியும். ஆனால் சுவிட்ச் 100 மெகாபிட் வேகமுடையதாக இருந்தால் ஆசிரியரின் கணினிக்குக் கிடைக்கும் வழி நொடிக்குச் சுமார் 12 மெகாபைட். அதை 20 கணினிகள் ஒரே நேரத்தில் பங்கு போட்டால் ஒன்றுக்கு 1 மெகாபைட்கூட வராது, வகுப்பு தொடங்கும் நேரத்தில் எல்லாத் திரைகளும் காத்துக் கிடக்கும். ஜிகாபிட் சுவிட்ச் வாங்கும் வரை பென் டிரைவிலேயே ஓட்டுவது வேகம்.